பட்டுத் துணியில் ஒரு போன்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மர பீரோவின் மேல் தட்டில், அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பட்டுத் துணி மூட்டை இருந்தது. பழைய அரக்குப் பட்டுப் புடவையிலிருந்து கிழித்த துணி. அதற்குள் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? நகையா? இல்லை. நான் வாங்கிக் கொடுத்த செல்போன்!

இந்தக் கட்டுரையைப் படிக்கும் சகோதரிகளில் பாதிப் பேராவது தங்கள் தாயாருக்கோ மாமியாருக்கோ ஒரு போன் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அல்லது வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்துக் கொண்டிருப்பீர்கள். வாங்கிக் கொடுத்தாகிவிட்டது என்றால், அது இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். அதற்கு முன் என் கதையையும் சற்றுக் கேளுங்கள். இதில் எனக்குப் பெருமை சேர்க்கும்படியான விஷயம் அதிகம் இல்லை. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இருந்த வரையில் எங்கள் வீட்டில் கரண்ட் பில் கட்டுவது, பாங்கிக்குப் போவது, காஸ் சிலிண்டருக்குச் சொல்வது எல்லாம் அவருடைய இலாகா. சமையல், பூஜை, வாரப் பத்திரிகை, ரேடியோ இவை அம்மாவின் இலாகா. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் தலையிடமாட்டார். அப்பா போன பிறகு இரண்டு இலாகாவும் எழுபது வயது கடந்த அம்மாவின் தலையில் விழுந்தன. "எங்களோடு சென்னைக்கு வந்துவிடு" என்று நானும், "பெங்களூருக்கு வா" என்று தம்பியும் மன்றாடினோம். "இந்த வாசலில் கோலம் போடாமல் எனக்குப் பொழுது விடியாது" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே, போன் என்று ஒன்று அத்தியாவசியமாகி விட்டது.

முதலில் தம்பி தன்னுடைய பழைய போனைக் கொடுத்தான். நம் வீடுகளில் இது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது அல்லவா? பிள்ளை புதிது வாங்கினால் பழையது அம்மாவுக்கு! அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி. ஆனால் சட்டையாவது தம்பிக்குப் பொருந்தும். நாலு வருஷம் உழைத்துத் தேய்ந்த போனோ தொட்டால் இரண்டு விநாடி கழித்துத்தான் அசையும். அந்த இரண்டு விநாடியில் அம்மா, "அழுத்தவில்லை போலிருக்கிறது" என்று மறுபடியும் அழுத்துவாள். முதல் அழுத்தலுக்கு ஒரு கதவு திறக்கும். இரண்டாவது அழுத்தலுக்கு அதற்குள் இன்னொரு கதவு திறக்கும். வழி தெரியாத ஊரில் இறக்கிவிட்ட மாதிரி அம்மா திகைத்து நிற்பாள். நாமானால் மெதுவான போனைச் சமாளித்துக் கொள்வோம்; நமக்கு வழி தெரியும். வழி தெரியாதவர்களுக்குத்தான் சுறுசுறுப்பான போன் வேண்டும். இந்தச் சின்ன உண்மை எங்கள் இருவருக்கும் உறைக்க ஒரு வருஷம் ஆயிற்று.

அப்புறம் நான் களத்தில் இறங்கினேன். "அம்மாவுக்கு எதற்கு ஓட்டை உடைசல்?" என்று வீராவேசமாகச் சொல்லி, கால் லட்சம் ரூபாய்க்கு ஒரு பெரிய போன் வாங்கினேன். இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் அம்மாவை ஊஞ்சலில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தேன். வாட்ஸ்அப், யூடியூப், பணம் அனுப்புவது, மருந்து வரவழைப்பது, ரயில் டிக்கெட், சீதோஷ்ண நிலை, அப்பாவின் பழைய படங்கள்... ஒன்று விடவில்லை! அம்மா ஒவ்வொன்றுக்கும், "சரிம்மா", "ஆமாம்மா", "புரிஞ்சுதும்மா" என்றாள். பழைய டைரியில் பென்சிலால் குறித்தும் கொண்டாள். நான் பெருமிதத்தோடு சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அம்மா "சரி" என்று சொன்னது விஷயம் புரிந்து அல்ல. என் முகத்தைப் பார்த்து. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

* * *

2024 அக்டோபரில் ஒரு நாள். கும்பகோணத்தில் நல்ல மழை. எங்கள் ஆபீஸில் அன்று பக்கங்களை முடித்து அச்சுக்கு அனுப்பும் நாள். வழக்கமாக இரவு ஒன்பது மணிக்கு அம்மாவோடு பேசுவேன். அன்று ஒன்பதரைக்குத்தான் கூப்பிட முடிந்தது. "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று பதில் வந்தது. மழையினால் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். மறுபடி கூப்பிடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கியும் போனேன்.

அதே இரவில், அதே நேரத்தில், அம்மா முற்றத்துப் படியில் வழுக்கி விழுந்திருந்தாள்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து கை வீங்கிவிட்டது. தட்டுத் தடுமாறி எழுந்து, பீரோவைத் திறந்து, பட்டுத் துணியைப் பிரித்து, ஒற்றைக் கையால் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். போகவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள், போகவில்லை. எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டாள், அதுவும் போகவில்லை. மழைச் சத்தத்தில் கூப்பிட்ட குரல் தெருவுக்குக் கேட்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால்காரர் வந்து மணி அடிக்கும் வரையில், என்னைப் பெற்றவள் கூடத்துத் தூணில் சாய்ந்தபடி, கால் லட்சம் ரூபாய்ப் போனை மடியில் வைத்துக் கொண்டு, எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். போனை எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு மூலையில் சின்னதாக ஆகாய விமானப் படம். விமானத்தில் பறக்கும்போது தொடர்பைத் துண்டித்து வைப்பார்களே, அந்த விசை எப்படியோ போடப்பட்டிருந்தது!

எப்படி நேர்ந்தது என்று விசாரித்தேன். அம்மா தினமும் சாயங்காலம் விளக்கேற்றும் முன் போனைப் பட்டுத் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து வைப்பாளாம். கையால் மேலிருந்து கீழே இழுத்தால் ஒரு திரை இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் திரையில்தான் விமானப் பொத்தானும் இருக்கிறது. நான் கொடுத்த பொருள் பளபளவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையே அவளுக்கு வினையாகிவிட்டது.

எனக்கு அழுகை வந்தது அதைக் கேட்டு அல்ல. அம்மா அடுத்தாற்போல் சொன்னதைக் கேட்டுத்தான்.

"தப்பு என்னுதுதாம்மா. எதையோ அமுக்கித் தொலைச்சுட்டேன். இவ்வளவு விலை குடுத்து வாங்கினே, எனக்கு உபயோகிக்கத் தெரியலையே!"

எட்டு மணி நேரம் வலியில் துடித்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! நேயர்களே, தவறு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

* * *

அன்று சாயங்காலம், அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, போன் வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"அம்மா, இதை வைச்சு உனக்கு என்னதான் பண்ணணும்?"

அம்மா வெகு நேரம் யோசித்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "ராத்திரி ஏதாவதுன்னா உன்னைக் கூப்பிடணும். பேத்தி முகத்தைப் பார்க்கணும். மத்தியானம் பழைய பாட்டு கேட்கணும். பென்ஷன் வந்துதான்னு தெரியணும். அவ்வளவுதான்."

நாலே நாலு! நான் சொல்லிக் கொடுத்ததோ நாற்பது. அவளுக்கு முதலாவதாக வேண்டியிருந்ததும், அந்த நாற்பதுக்கு நடுவில் புதைந்து கிடந்தது.

ஆகவே, நான் பட்டுத் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். கடைக்குப் போகும் முன் இந்தக் கேள்வியை அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வரிசையிலேயே ஒரு காகிதத்தில் எழுதுங்கள். காகிதம் இல்லாமல் கடைக்குப் போனால், காமிராவில் இத்தனை மெகாபிக்ஸல், ஞாபக சக்தி இத்தனை ஜிபி என்று கடைக்காரப் பிள்ளை நம்மை மயக்கிவிடுவான். அவன் மேல் குற்றமில்லை. நாம் யாருக்காக வாங்குகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது அல்லவா?

அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அம்மாவின் முதல் தேவைக்கும் மற்ற மூன்றுக்கும் ஒரே கருவி கூடாது. நம் அடுக்களையில் தேங்காய்த் துருவி தனி, அரிவாள்மணை தனி. எல்லாம் ஒன்றிலேயே இருந்தால் சௌகரியம் என்று நமக்குத் தோன்றும். கை பழகாதவர்களுக்கு அது ஆபத்து.

ஆகையால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு பொத்தான் போன் வாங்கினேன். இதுதான் இரவுக் காவல்காரன். எண் 2-ஐ அழுத்திப் பிடித்தால் என்னைக் கூப்பிடும். 3 என்றால் தம்பி. 4 என்றால் எதிர்வீட்டு மாமி. அவசர உதவிக்கான 112-ஐப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். விளக்கில்லாத இரவிலும் விரல் தடவிப் பார்த்தே பொத்தானைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு தரம் சார்ஜ் செய்தால் பல நாள் தாங்கும். துடைத்தால் எதுவும் மாறாது!

வாங்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். பொத்தான் போன்களிலும் பழைய 2ஜி உண்டு, 4ஜி உண்டு. ஜியோ சிம் 2ஜி போனில் வேலை செய்யாது. ஆகவே எந்தக் கம்பெனி சிம் என்று சொல்லி, 4ஜி போனாகவே கேட்டு, கடையிலேயே சிம்மைப் போட்டுப் பேசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எண்கள் பெரிதாக இருக்கின்றனவா, பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக எழும்பி இருக்கின்றனவா என்று பாருங்கள். முதுகுப் பக்கம் அபாயப் பொத்தான் வைத்த போன்களும் கிடைக்கின்றன. அதை அழுத்தினால் நாம் பதிந்து வைத்த எண்களுக்குத் தானே அழைப்புப் போகும்.

ஜப்பானில் டோகோமோ என்ற கம்பெனி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வயதானவர்களுக்கென்றே ஒரு போன் விற்று வருகிறது. அதன் பெயர் 'ராகு ராகு போன்'. பெயரைக் கேட்டதும் ராகு காலம் என்று பயப்பட வேண்டாம்! அந்த மொழியில் அதற்குச் 'சுலபம், சுலபம்' என்று அர்த்தமாம். முக்கியமான மூன்று பேருக்கு மூன்று தனிப் பொத்தான். எதிரே பேசுகிறவர் படபடவென்று பேசினால் அதை நிதானமாக்கிக் காதில் விடும் வசதி. இப்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடையில் அது கிடைக்காவிட்டால் என்ன? அந்த யோசனைக்கு விலை கிடையாதே!

* * *

சரி, அந்தப் பெரிய போன் என்ன ஆயிற்று? அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அதை மற்ற மூன்று வேலைக்கும் வைத்துக் கொண்டோம். ஆனால் அதைத் தலைகீழாக மாற்றினேன்.

முகப்பிலிருந்த நாற்பது படங்களையும் அப்புறப்படுத்தினேன். என் மகள் முகம் ஒன்று, பாட்டுக்கு ஒன்று, பாங்கிச் செய்திக்கு ஒன்று. மூன்றே படங்கள்; ஒவ்வொன்றும் எட்டணா நாணயம் அளவு. சாம்சங் போன்களில் இதற்கென்றே 'ஈஸி மோட்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஐபோனில் 2023-ல் 'அசிஸ்டிவ் ஆக்ஸஸ்' என்ற பெயரில் இதே மாதிரி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மற்ற போன்களிலும் எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கவாவது வழி உண்டு. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரப் பொறுமைதான்.

அடுத்து, அம்மாவின் விரலைக் கவனித்தேன். நம் காலத்துப் பிள்ளைகள் திரையைப் பட்டும் படாமலும் தொடுகிறார்கள். அம்மாவோ அழைப்பு மணியை அழுத்துவதுபோல் அழுந்த வைத்து, சற்று நேரம் எடுப்பதே இல்லை. அப்படி நீண்ட நேரம் அழுத்தினால் போனுக்கு வேறு அர்த்தம்! படத்தை இடம் மாற்றவோ அழிக்கவோ சொல்வதாக எண்ணிக் கொள்ளும். "தானாவே எல்லாம் காணாமப் போறது" என்று பெரியவர்கள் புகார் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். அமைப்புகளுக்குள் போய், 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்பதை நீளமாக்கி வைத்தேன். பாதி வியாதி தீர்ந்தது. இன்னொன்று: வயதானவர்களின் விரல் நுனி வறண்டு போகும். வறண்ட விரலைத் திரை சரியாக உணராது. பேனா மாதிரி நுனியில் ரப்பர் வைத்த கோல் ஒன்று சொற்ப விலைக்கு விற்கிறது. அது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஸ்கூல் வாத்தியார் மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

பிறகு காது. வயதாக ஆகக் கீச்சுக் குரல் போன்ற ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும். நாம் ஆசையாக வைக்கும் பறவைச் சத்த மணி அவர்களுக்குக் கேட்கவே கேட்காது. கனமான, தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் மணியை வையுங்கள். கூப்பிட்டு எடுக்காதவர்கள் எல்லாரும் கோபக்காரர்கள் அல்ல!

அப்புறம் சார்ஜ் போடும் அவஸ்தை. நடுங்கும் கையோடு அந்தச் சிறு துவாரத்தில் ஒயரைச் செருகுவது ஊசியில் நூல் கோக்கிற காரியம். ஆகையால் போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒயரைச் செருகியபடியே ரேடியோ பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். அம்மா அதைத் தூக்குவதில்லை. அதன் முன்னால் போய் உட்காருகிறாள். பேத்தியும் அவளும் பேசும்போது, அவள் கை வெற்றிலை மடிக்கவோ பூத்தொடுக்கவோ சுதந்திரமாக இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வேலைக்குப் பத்து அங்குல டாப்லெட் வாங்கினால் இன்னும் நல்லது. முகமும் எழுத்தும் பெரிதாகத் தெரியும்.

கீபோர்டில் தமிழ் எழுத்தைத் தேடித் தட்டுவது அம்மாவுக்கு முடியாத காரியம். அதற்காக விசாரப்படவில்லை. 2017-லேயே கூகுள் தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியைத் தந்துவிட்டது. "சீர்காழி பாட்டு" என்று அம்மா சொன்னால் பாட்டு வந்து நிற்கிறது. முதல் தடவை அது சரியாகக் கேட்டுக் கொண்டபோது அம்மா என்னைப் பார்த்து, "உன்னைவிட இதுக்குப் புரியறது!" என்றாள். எனக்கு வேண்டியதுதான்.

* * *

எங்கள் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அவருடைய காகிதத்தில் வரிசை வேறு. தினமும் நாலு பத்திரிகை படிக்க வேண்டும். நீண்ட கடிதங்கள் எழுத வேண்டும். அவருக்குப் பேரன் தன் பழைய மடிக் கணினியைக் கொடுத்திருந்தான். அதில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோஸாப்ட் இலவசமாகத் தந்து வந்த பாதுகாப்புப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. பூட்டுத் துருப்பிடித்த வீட்டில் பெரியவரைக் குடி வைக்கிற மாதிரி அது. பாங்கி விவகாரத்தை அதில் வைத்துக் கொள்வது விவேகம் அல்ல. அவருக்கு ஒரு டாப்லெட்டும் தனிக் கீபோர்டும் போதும் என்று தீர்மானித்தோம். கீபோர்டே முக்கியம் என்கிறவர்கள் குரோம்புக்கையும் யோசிக்கலாம். அதில் அலங்காரம் குறைவு, அதனால் குழப்பமும் குறைவு. எதை வாங்கினாலும், இன்னும் எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கடையில் கேளுங்கள். விலையைக் கேட்பது போலவே இதையும் கேட்க வேண்டும்.

இன்னொரு ரகசியம். பெரியவர்களுக்கு ஏற்ற போன், பக்கத்தில் இருக்கிறவர் வைத்திருக்கும் போன்தான்! எதிர்வீட்டு மாமியிடம் இருப்பது ஆண்ட்ராய்டு என்றால், நீங்கள் ஆசைப்பட்டு ஐபோன் வாங்கித் தராதீர்கள். சென்னையிலிருந்து நாம் டெலிபோனில், "மேலே மூணு புள்ளி இருக்கா? அதைத் தொடு" என்று கத்துவதைவிட, மாமி வந்து ஒரு நிமிஷத்தில் செய்து கொடுப்பது மேல். மொழியையும் அவர்களையே கேட்டு வையுங்கள். நான் பக்தியோடு எல்லாவற்றையும் தமிழாக்கி வைத்தேன். மாமி, "செட்டிங்ஸ் எங்கே காணோம்?" என்று திண்டாடிப் போனாள்!

* * *

பணம் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நான் கடமை தவறியவள் ஆவேன்.

யுபிஐ 2016-ல் வந்தது. இன்று காய்கறிக் கூடைக்காரியும் அதில்தான் வாங்கிக் கொள்கிறாள். சாதாரணப் பொத்தான் போனிலும் பணம் அனுப்பும்படி 2022-ல் ரிஸர்வ் பாங்கி ஏற்பாடு செய்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டு நாள்காட்டியைப் பார்த்தபோது என் நெஞ்சு திக்கென்றது. அம்மா ரகசிய எண்ணைத் தேதிக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள், மறந்துவிடக் கூடாதென்று!

பென்ஷன் வரும் கணக்கைப் போனோடு சேர்க்கவே இல்லை. வேறொரு சிறு கணக்கு ஆரம்பித்து, அதில் மாதச் சில்லறைச் செலவுக்கு மட்டும் பணம் போட்டு, அதைத்தான் போனில் இணைத்தோம். போனால் அதுதான் போகும். பிறகு அம்மாவுக்கு மூன்று வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தேன். 'பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அவன் திருடன்.' 'போலீஸ் வீடியோவில் வந்து கைது செய்யாது; டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது.' 'திரையைக் காட்டச் சொன்னால் மகளுக்கு மட்டும்தான் காட்டுவேன்.' வாட்ஸ்அப்பில் தெரியாதவர் அழைப்புக்கு மணியே அடிக்காமல் செய்ய 2023 முதல் வசதி இருக்கிறது. அதையும் போட்டு வைத்தேன். ஏமாந்தே போனாலும் வெட்கப்பட்டுக் கொண்டு ஒளிக்காமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் மறிக்க வாய்ப்பு உண்டு.

கற்றுக் கொடுக்கும் விதத்தையும் மாற்றிக் கொண்டேன். ஒரு தடவைக்கு ஒன்றுதான். அதைவிட முக்கியம், போனை அவள் கையிலிருந்து நான் வாங்குவதில்லை. "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று பிடுங்குகிறோமே, அந்த ஒரு விநாடியில் அவர்கள் மனசில், 'நம்மால் ஆகாது' என்று எழுதி விடுகிறோம். நான் புடவைத் தலைப்புக்குள் கையைக் கட்டிக் கொண்டு உட்காரப் பழகினேன். பேனா பிடித்து வாழ்கிறவளுக்கு அது சுலபமாக இல்லை!

* * *

அதே வருஷம் நவம்பர் வந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதாக அத்தாட்சி கொடுக்கும் மாதம். இதைக் கணினி மூலமே கொடுக்க 'ஜீவன் பிரமாண்' என்ற ஏற்பாடு 2014 நவம்பரில் தொடங்கியது. முதலில் பெரும்பாலும் கைரேகைதான் கேட்டார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த அம்மாவின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? முந்தைய வருஷம் வரிசையில் நின்று, நாலு தரம் விரல் வைத்து, நாலு தரமும் இயந்திரம் அவளை 'இல்லை' என்று சொல்லிவிட்டதாம்! முகத்தைக் காட்டியே செய்து கொள்ள 2021 நவம்பரிலேயே வழி வந்துவிட்டது. அது எங்களுக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை ஸ்டாண்டில் இருந்த போனில் அதற்கான செயலிகளைப் போட்டு, நான் செய்ய வேண்டிய பகுதியை முடித்துவிட்டு, எழுந்து தள்ளி நின்றேன். கையில் கட்டோடு அம்மா அதன் முன் உட்கார்ந்தாள். தலையைச் சரி செய்து கொண்டாள். குங்குமச் சிமிழைத் திறந்து, அப்பா போனபிறகும் நாங்கள் வற்புறுத்தி வைத்துக் கொள்ளச் சொன்ன சின்னப் பொட்டைச் சரிபார்த்துக் கொண்டாள். கண்ணைக் கொட்டச் சொல்லிற்று போன். கொட்டினாள். சற்று நேரத்தில் வேலை முடிந்ததாகச் செய்தி வந்தது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பரீட்சையில் தேறிய பெண்ணின் முகம் அது.

"பார்த்தியா, நான் உசிரோடதான் இருக்கேன்னு கவர்மெண்டுக்கே கண்ணைக் கொட்டிக் காட்டிட்டேன்!"

இப்போதெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு நான் அம்மாவைக் கூப்பிடுவதில்லை. அவள் 2-ஐ அழுத்திப் பிடித்து என்னைக் கூப்பிடுகிறாள். பக்கம் முடிக்கும் நாளானாலும், ஆசிரியர் எதிரே நின்றாலும், நான் எடுக்கிறேன். ஒன்பது மணி ஐந்து நிமிஷம் ஆகியும் வராவிட்டால் மாமியைக் கூப்பிடுவேன். மழை என்று எண்ணிச் சும்மா இருப்பதில்லை. இந்த ஒரு காரியத்தை மட்டும் எந்தப் போனும் நமக்காகச் செய்யாது.

ஆகவே, தீபாவளிக்கோ பிறந்த நாளுக்கோ அம்மாவுக்கு ஏதாவது வாங்க உத்தேசித்திருக்கும் சகோதரிகளே, இன்று சாயங்காலமே அவர்களைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன பண்ணணும்?" என்று கேளுங்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள். இரண்டாந் தடவையும் கேளுங்கள். காகிதமும் பென்சிலும் கையில் இருக்கட்டும்.

அந்தப் பட்டுத் துணியா? அது பழையபடி புடவைப் பெட்டிக்கே போய்விட்டது. போனைத் துடைக்க இப்போது சாதாரணக் கைத்தறித் துண்டுதான். துடைக்கும் முன் திரையை அணைத்துவிட வேண்டும் என்று அம்மா போன வாரம் மாமிக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தாள்!